மேக்ரோ இல்லாத நகல்

பம்பு உதிரிபாகக் கிடங்கின் ஸ்டோர் கீப்பருக்கு ஒரு வியாதி உண்டு. வேலையை முடிக்கத் தெரியாது. எண்ணிய வாஷரை மறுபடி எண்ணுவார். பூட்டிய அலமாரியை இழுத்து இழுத்துப் பார்ப்பார். எதிர் மேஜையில் பில் போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி, கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் கால் கடுக்க நிற்பாள்.

ஒருநாள் பொறுமை போய், இருப்புக் கணக்கு எக்ஸெல் கோப்புக்குள் ஒரு மேக்ரோவை எழுதி வைத்துவிட்டாள். மேக்ரோ என்றால் பெரிய மந்திரமில்லை. 'இது நடந்தால் இதைச் செய்' என்று கோப்புக்குச் சொல்லி வைக்கிற கட்டளை, அவ்வளவுதான். அன்றைய கடைசி வரியை நிரப்பியதும் திரையின் நடுவில் ஒரு பெட்டி குதிக்கும். தமிழில் அடித்தால் அதில் வெறும் கேள்விக்குறிகளாக வந்து தொலைத்ததால், ஆங்கில எழுத்திலேயே தமிழை அடித்திருந்தாள். வாசித்தால் இப்படி வரும்: "போதும். வீட்டுக்கு வாங்க."

முதல்நாள் அவர் முறைத்தார். "பக்கத்துல நிக்கிறவ வாயால சொல்லக்கூடாதா?"

"சொல்லிச் சொல்லி வாய்தான் வலிக்குது. மிஷின் சொன்னா கேப்பீங்கல்ல?"

கேட்டார். அதுதான் வேடிக்கை.

அப்புறம் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவேயில்லை. அவள் மேஜையில் இப்போது பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் பெட்டி மட்டும் ஒருநாளும் தவறியதில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "இதோ வந்துட்டேன்" என்று திரையிடம் முணுமுணுத்த பிறகுதான் எழுந்திருப்பார். போய்ச் சேருகிற வீட்டில் விளக்குப் போடக்கூட ஆளில்லை என்பது வேறு விஷயம்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் தலைமை அலுவலகத்தின் உத்தரவு வந்து விழுந்தது. வேறொரு கிளையில் மேக்ரோ வழியாக வைரஸ் புகுந்துவிட்டதாம். எல்லாரும் மேக்ரோ இல்லாத நகலைச் சேமித்துக்கொண்டு, பழைய கோப்பை அன்றைக்கே அழித்துவிட வேண்டுமாம். கம்ப்யூட்டர் பிரிவுப் பெண் போனிலும் கூப்பிட்டாள்.

"பயப்படாதீங்க சார், கணக்கு ஒண்ணும் கெடாது. நம்பரெல்லாம் அப்படியே இருக்கும். அந்த மேக்ரோல ஏதாவது முக்கியமான வேலை நடக்குதா?"

நடக்கிறது என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அடுத்த கேள்வி வரும். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார். சொன்ன வாய் கசந்தது.

கோப்பு வகையை மாற்றிச் சேமிக்கப் போனால், மேக்ரோ போய்விடும், பரவாயில்லையா என்று கணினி கேட்டது. 'இல்லை' என்று தட்டிவிட்டு, எண்ண வேண்டிய அவசியமே இல்லாத பேரிங்குகளைப் போய் எண்ணினார். திரும்பி வந்து மறுபடி முயன்றார். மறுபடி அதே கேள்வி. அவளைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கியபோதுகூட அவரை யாரும் இப்படித் திரும்பத் திரும்பக் கேட்கவில்லை.

பெட்டியைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். எடுத்தார். ஆனால் படத்தை இவராகத்தான் திறந்து பார்க்க வேண்டும். அவள் அப்படியா? இவர் வேலையில் முங்கிக் கிடக்கும்போது, நினைக்காத நேரத்தில் வந்து கூப்பிடுவாள். எப்படியும் செய்துதான் ஆகவேண்டும் என்றானபின், கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்' என்று தட்டினார். பழையதையும் அழித்தார்.

மறுநாள் சாயங்காலம் கடைசி வரியை நிரப்பினார். அந்தப் பெண் சொன்னது சரிதான், ஒரு எண்கூடக் கெடவில்லை. திரை சும்மா இருந்தது. கடைசி வரியை அழித்துவிட்டு மறுபடி அடித்தார். அப்போதும் சும்மாதான் இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாட்ச்மேன் குனிந்து எட்டிப் பார்த்தார். "என்ன சார், வேலை முடியலையா?"

"முடிஞ்சிருச்சு."

"அப்புறம் வீட்டுக்குக் கிளம்பலையா?"

"இன்னும் கூப்பிடல" என்றார், வாய் தவறி.

"யாரு சார் கூப்பிடணும்?"

ஸ்டோர் கீப்பர் திரையைப் பார்த்தார். பிறகு பிரிண்டரைப் பார்த்தார்.

"யாருமில்லப்பா" என்று சொல்லிவிட்டுக் கணினியை அணைத்தார்.