மூன்றாவது மென்பொருள்

போன வாரம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் வந்து, "மேடம், பீம் அனாலிசிஸுக்கு எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். என் கை தானாகப் போய் இடது புருவத் தழும்பைத் தடவியது. சிரிக்காதீர்கள். மென்பொருள் தேர்வு செய்யப் போய் ரத்தம் சிந்தியவள் நான்.

அறந்தாங்கியில் ஒரு பரோட்டாக் கடையின் மாடியில்தான், நான் அப்போது வேலை பார்த்த அந்தோணி சாரின் கட்டட வடிவமைப்பு அலுவலகம். இன்றைக்கும் சால்னா வாசனை வந்தால் எனக்குப் பசிக்கு முன்னால், உத்திரம் எவ்வளவு வளையும் என்கிற பெண்டிங் மொமெண்ட் கணக்குதான் ஞாபகம் வரும். சார் ஆவூர்க்காரர். கோபம் வந்தால் மட்டும் மாதாவைக் கூப்பிடுவார். மூன்று கம்பெனிகள் தங்கள் மென்பொருளை இலவசமாக ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருந்தன. "நீயே மூணையும் பாரும்மா. நீ சொல்றதத்தான் வாங்குவோம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சோதித்துப் பார்க்க, கைவசம் இருந்த வேலையையே எடுத்தேன். மீமிசலில் ஒரு கல்யாண மண்டபம். யாரோ போட்ட வரைபடத்தை வைத்துக் காண்டிராக்டர் கருப்பையா கூரையைத் தாங்கும் பீமை வார்த்துவிட்டார். கீழே முட்டுக் கம்புகள் இன்னும் நின்றன. பிரிப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்று மண்டபக்காரர் எங்களிடம் கொடுத்திருந்தார். முதல் இரண்டு மென்பொருளும் தாங்கும் என்றன. இரண்டுமே தூண் அசையாது என்று எடுத்துக்கொள்பவை. மூன்றாவது, மெலிந்த தூணும் சேர்ந்து வளையும் என்று கணக்குப் போட்டு, நடுவில் கம்பி போதாது, விழும் என்றது. காகிதத்தில் கையாலும் போட்டுப் பார்த்தேன். விழும்தான்.

சார் அதைக் கருப்பையாவுக்குப் போனில் சொல்லிவிட்டார். உச்சி வெயிலில் அவர் இரும்புக் கம்பியோடு படியேறி வந்தார்.

"ரெண்டு பொட்டி சரின்னு சொல்லிருச்சாம்ல? அப்பறம் எதுக்கு மூணாவதப் போட்டீங்க?"

"அண்ணே, உக்காருங்க. காட்டுறேன்."

"நா கட்டுனத இந்தப் பொட்டி சொல்லி இடிக்கணுமோ?"

கம்பி மானிட்டரில் இறங்கியது. கண்ணாடி வெடித்து என் புருவத்தைக் கிழித்தது. அடுத்த வீச்சு என் தலைக்குத்தான் வந்தது. "மாதாவே!" என்று சார் குறுக்கே கையை நீட்டினார். எலும்பு முறிந்த சத்தம் கீழே பரோட்டா கொத்தும் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நான் நாலு வருடம் படித்த பொறியியலில் அந்த நேரத்துக்கு உதவியது ஒன்றுதான்: மேஜை மேல் இருந்த கான்கிரீட் சோதனைக் கட்டி. இரண்டு கையாலும் தூக்கி அவர் பாதத்தில் போட்டேன். அலறினார்.

"முட்ட இன்னிக்கே பிரிக்கிறேன். வந்து பாருங்கடா!" நொண்டிக்கொண்டே இறங்கிப் போனார்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "மொதல்ல மீமிசல்" என்றார் சார். என் துப்பட்டாவால் அவர் கையைக் கழுத்தோடு கட்டி, வாடகை வேனில் ஏற்றினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாதி முட்டு போயிருந்தது. கடல் காற்றில் கருவாட்டு நாற்றம். "வெளிய வாங்க! எல்லாரும் இங்கிட்டு வாங்க!" என்று சார் கத்தினார். எங்கள் துணியில் இருந்த ரத்தத்தைப் பார்த்ததும் ஆட்கள் சம்மட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். கருப்பையா மட்டும் ஒரு சம்மட்டியை எடுத்து, நடு முட்டுக் கம்பை ஓங்கி அடித்தார்.

பீம் முறிந்து வந்தது. தரை அதிர்ந்தது. புழுதிக்குள் முதலில் ஓடியவர் சார்தான். தன் கையை முறித்தவரை ஒற்றைக் கையால் பிடித்து இழுத்தார். நானும் இழுத்தேன். கருப்பையாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே கால் மாதிரியே இல்லை.

வேனில் அவர் தலை என் மடியில். "அந்த மூணாவது என்னம்மா சொன்னுச்சு?"

"விழும்னு சொன்னுச்சுண்ணே."

கண்ணை மூடிக்கொண்டார். உயிர் பிழைத்தார்; கால் போய்விட்டது. சாரின் கை கடைசிவரை நேராகவில்லை.

மூன்றாவதைத்தான் வாங்கினோம். அந்தக் கம்பெனியே இன்று இல்லை. சாரும் இல்லை, மாடியில் இப்போது செல்போன் கடை. தாங்காது என்று நான் சொன்னால் இப்போதெல்லாம் யாரும் கம்பியோடு படியேறி வருவதில்லை. "ஓகே மேடம்" என்று போனில் பதில் வரும். அதே வரைபடத்தை வேறு யாருக்கோ அனுப்புவார்கள். தாங்கும் என்று சொல்கிற மென்பொருள் எங்காவது கிடைத்துவிடுகிறது. ஓடிப்போய் நிறுத்தலாம் என்றால், கட்டடம் எந்த ஊரில் எழும்புகிறது என்றுகூட எனக்குத் தெரிவதில்லை.