கரவனின் மூன்றாவது பிரேக் லைட்

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் இருக்கும். ஒரு வசந்தகாலச் சனிக்கிழமை, இவர், என் கணவர், எங்கள் வான் வண்டியின் பின்னால் ஒரு வீட்டையே கொழுவி இழுத்துக்கொண்டு வந்தார். கியூபெக்கில், வில்லரே என்ற பகுதியில் இருக்கும் எங்கள் தெரு ஒடுக்கமானது. இரண்டு பக்கமும் கார்கள் நிற்கும். அதற்குள் அந்தக் கரவன் உரசாமல் நுழைந்து வந்த விதத்தைப் பார்த்து, மேல்மாடிக்காரர் வெளிப்படியால் ஓடி இறங்கி "ரூலொட்! ரூலொட்!" என்று கைதட்டினார். இங்கே பிரெஞ்சில் கரவனுக்கு அதுதான் பெயர். உள்ளே நாலு பேர் படுக்கலாம். ஒரு அடுப்பு, ஒரு கழுவுதொட்டி, வெளிறிப்போன பூப்போட்ட திரைச்சீலை. நான் ஏறிப் பார்த்தேன், இறங்கினேன், திரும்பவும் ஏறினேன். மகள் ஒரு கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டு இனி இறங்கமாட்டேன் என்றாள். கோடை விடுமுறைக்குக் காஸ்பே போய்க் கடலைப் பார்ப்பது என்று அந்தக் கட்டிலிலேயே முடிவாயிற்று.

எனக்குக் கால் தரையில் படவில்லை. பிறகு கரவனின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன்.

கீழே, பம்பருக்குப் பக்கத்தில், பிஸ்கட் அளவில் இரண்டு சிவப்பு லைட். அவ்வளவுதான். வானின் சொந்த லைட்டுகளைக் கரவன் முழுதாக மறைத்து நின்றது. என் சந்தோஷமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

காரணம் இருந்தது. அதற்கு முந்திய வருடம் மாரிப் பனியில், ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு நான் தனியாகக் கார் ஓடிக்கொண்டு திரும்பினேன். பாலத்தின் நடுவில் வாகனங்கள் நின்றன, நானும் நின்றேன். பின்னால் வந்தவர் நிற்கவில்லை. எனக்குக் கழுத்துப்பட்டி இரண்டு மாதம். அந்த மனிதர் கெட்டவரில்லை, பனிச்சேற்றில் நின்று கையைப் பிசைந்தார். "உங்கள் லைட்டை நான் காணவில்லை, மடாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கழுத்து ஆறியது. அந்த வசனம் ஆறவில்லை. பதினாலு மாதமாக நான் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. வேலைக்கு மெட்ரோ, பஸ். இவரோடு போகும்போதும் பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"உச்சியில ஒரு பிரேக் லைட் வேணும்," என்றேன். "லொறிக்காரன்ட கண்ணுக்கு நேர தெரியவேணும். இல்லாட்டி நான் வரமாட்டன்."

"ஒரு லைட்டுக்கே இந்தப் பாடு?" என்று இவர் சிரித்தார். "நான் நாட்டில எத்தினை கோயிலுக்கு லைட் போட்டனான் எண்டு தெரியுமே உமக்கு?"

தெரியும். கலியாணம் கட்டிய நாளிலிருந்து கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன். இவர் யாழ்ப்பாணத்தில் வயர்மன். கோயில் திருநாளென்றால் கோபுரத்தின் உச்சிச் சிலுவைவரை பல்ப் மாலை கட்டுவது இவர்தான். இங்கே துறைமுகத்துப் பண்டகசாலையில் சாமான் தூக்கும் வண்டி ஓட்டுகிறார், ஆனால் கையில் குறடு வந்துவிட்டால் ஆள் மாறிவிடுவார்.

அடுத்த வாரமே நீட்டு லைட் ஒன்று வாங்கி வந்தார். சிவப்புக் கண்ணாடிக்குள் சின்ன பல்ப். நான் உதவிக்குப் போனேன். நானும் சும்மா ஆளில்லை. தொழிற்சாலையில் சர்க்கிட் போர்டுகளுக்கு ஈயம் ஒட்டுவதுதான் என் வேலை. இவர் விடவில்லை. லைட்டோடு வந்த வயர் படத்தைப் பாருங்கள் என்றேன், அதையும் கேட்கவில்லை.

"பச்சை எண்டால் ஏர்த். அது உலகத்துக்கே பொது. இதுக்கென்ன படம்?"

கரவன் கூரையின் ஓரத்தில் லைட்டைப் பூட்டி, நீலப் படுக்கைவிரிப்பின் துண்டு ஒன்றால் மூடிக் கட்டிவிட்டார். தவக்காலத்தில் புனிதரின் சுருவத்தைத் துணியால் மூடுவார்களே, அப்படி. "ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் மந்திரிக்கேக்க திறப்பம்," என்றார். தனியாகவே சோதித்தும் விட்டாராம். பிரேக்கை மிதித்துக்கொண்டு பின்னால் போய்ப் பார்க்க ஓராளால் முடியாது. அதனால் இடப்பக்கச் சிக்னலைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறார். மின்னியிருக்கிறது. கரவனில் சிக்னலுக்கும் பிரேக்குக்கும் ஒரே வயர்தான், ஆகவே பிரேக்குக்கும் எரியும் என்று கணக்கை முடித்துவிட்டார்.

எங்கள் ஆட்களிடம் புது வாகனம் வந்தால், பழசே புதிதாக வந்தாலும், பூசை முடியக் கோயில் வளவில் நிறுத்தி ஃபாதரைக் கொண்டு மந்திரிப்பது வழக்கம். கார் என்றால் ஐந்து பேர் நிற்பார்கள். கரவன் என்றதும் பாடகர் குழு உட்படப் பாதிக் கோயில் வந்துவிட்டது. பிள்ளைகள் உள்ளே ஏறிக் குதித்தார்கள். ஃபாதர் செபம் சொல்லி, சக்கரம், கதவு, அடுப்பு என்று ஒன்றையும் விடாமல் தீர்த்தம் தெளித்தார். மந்திரித்த பிறகு நேரே புரோசார்ட் போய் அக்கா வீட்டில் சாப்பாடு. வானை இவர் ஓடுவதாகத்தான் ஏற்பாடு. அந்த லைட் எரிந்தால் பாலத்தைக் கடக்கலாம் என்று எனக்குள் ஒரு கணக்கு.

இவர் துணியை ஒரே இழுவையில் உரிந்துவிட்டு, வானில் ஏறிப் பிரேக்கை மிதித்தார்.

கீழே இரண்டு லைட்டும் பளிச்சென்று எரிந்தன. உச்சி இருட்டு.

"எரியுதோ?" என்று முன்னாலிருந்து சத்தம்.

"இல்லை!" என்றது பாதிக் கோயில்.

திரும்ப மிதித்தார். திரும்பவும் இருட்டு. ரோசத்தில் சிக்னலைப் போட்டார். உச்சி லைட் மினுக்கு மினுக்கென்று மின்னத் தொடங்கியது. லொறி ஓட்டும் ஒரு அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "தம்பி, இது கலியாண வீட்டுக்குக் கட்டுற லைட்டெல்லே!"

நிற்கவேண்டிய இடத்தில் அணைந்து, திரும்புகிற இடத்தில் மின்னுகிற லைட். எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே அழுதிருப்பேன். ஆனால் அது எப்படி அப்படி எரியும் என்ற கேள்வி கோபத்தை முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"இறங்காதேங்கோ!" என்று கத்தினேன். "இடப்பக்கச் சிக்னலைப் போடுங்கோ!"

மின்னியது.

"வலப்பக்கம்!"

அதற்கும் மின்னியது.

"இப்ப ரெண்டு பக்கமும் சேத்து!"

கீழ் லைட்டுகள் இரண்டும் சேர்ந்து மின்னின. உச்சி செத்துப்போய்க் கிடந்தது.

எனக்குப் பிடிபட்டுவிட்டது! நல்ல சேலையோடு கரவனின் பின் பம்பரில் ஏறி நின்று, ஏணி கொண்டுவரச் சொல்லி, லைட்டின் மூடியைக் கழற்றினேன். நினைத்தது சரி. இவர் ஒரு முனையை மஞ்சள் வயரிலும் மற்ற முனையைப் பச்சையிலும் பூட்டியிருந்தார். வீட்டிலும் கோபுரத்திலும் பச்சை ஏர்த்தாக இருக்கலாம். இந்தக் கரவனில் மஞ்சள் இடப்பக்க லைட்டின் வயர், பச்சை வலப்பக்க லைட்டின் வயர், ஏர்த் வெள்ளை. ஒரு பக்கம் மட்டும் மின்னும்போது கரண்ட் உச்சி லைட்டுக்குள்ளால் ஓடி மற்றப் பக்கத்தால் இறங்கிவிடும். பிரேக் பிடித்தால் இரண்டு பக்கத்தாலும் கரண்ட் ஒரேயடியாகத் தள்ளும். கதவை உள்ளேயிருந்து ஒருவரும் வெளியேயிருந்து ஒருவரும் தள்ளினால் கதவு என்ன செய்யும்? அசையாது.

இவர் ஏணியின் அடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது.

"பச்சை ஏர்த் இல்லையோ?"

"இல்லை, உலகத்துக்குப் பொதுவானவரே."

வெள்ளைக்கு மாற்றினோம். பிரேக்குக்கு எரிந்தது. எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். ஆனால் இடப்பக்கச் சிக்னலுக்கும் கூடச் சேர்ந்து மின்னியது. சிரிப்பு அடங்கிய பிறகு இவர்தான் வழி சொன்னார், அதை நான் மறைக்கக்கூடாது. வானின் பின்கண்ணாடிக்கு மேல் ஏற்கெனவே ஒரு பிரேக் லைட் இருக்கிறது. அது பிரேக்குக்கு மட்டும்தான் எரியும். அதிலிருந்து தனியாக ஒரு வயர் இழுத்தால்?

வயர் எங்கே? ஃபாதர் உள்ளே ஓடிப்போய், பாடகர் குழுவின் ஸ்பீக்கருக்கு வாங்கி மிஞ்சியதொரு சுருளோடு வந்தார். பூசை உடுப்பைக் கூட மாற்றவில்லை. நான் வெட்டி முறுக்க, இவர் வானின் கதவு ரப்பருக்கு அடியால் செலுத்தி, கரவனைப் பூட்டிய கொழுவிக்கு மேலால் எடுத்து, கழற்றிப் பூட்ட ஒரு கிளிப்பும் வைத்து, கரவனின் உச்சிவரை கொண்டுபோய் டேப் சுற்றினார். இரண்டு பேரும் வாயடித்துக்கொண்டேதான் செய்தோம். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் சேர்ந்து ஒரு வேலை செய்து வருடக்கணக்காயிற்று.

"இந்தமுறை நான் பாக்கிறன்," என்றார் இவர். "ஒருத்தரையும் நம்பமாட்டன். நீர் ஏறிப் பிரேக்கை அமத்தும்."

ஏறினேன். யோசிக்காமல்தான் ஏறினேன். கதவைச் சாத்திய பிறகுதான் எந்த ஆசனத்தில் இருக்கிறேன் என்பது உறைத்தது.

"அமத்தும்!"

மிதித்தேன்.

"எரியுது! விடும்! சிக்னல் போடும்! இல்லை, மின்னேல்லை! திரும்ப அமத்தும்! எரியுதடியப்பா, எரியுது!"

வளவு முழுக்கக் கைதட்டல். மகள் பிரெஞ்சில் ஏதோ கூவினாள். இவர் வந்து என்னை இறங்கச் சொல்வாரென்று காத்திருந்தேன். மற்றப் பக்கக் கதவுதான் திறந்தது. மகளைப் பின்னால் ஏற்றி, தானும் ஏறிப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"என்னப்பா இது?"

"பின்னால வாறவனுக்கு லைட்டால நான் சொல்லிப்போட்டன். நீர் முன்னுக்குப் பாத்து ஓடும்."

கரவன் இழுத்து எனக்குப் பழக்கமே இல்லை. இப்போது நினைத்தால் இரண்டு பேருக்கும் பைத்தியம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ஓடினேன். வளவைக் கடந்தேன், தெருக்களைக் கடந்தேன், பாலத்தில் ஏறினேன். நடுவில், சொல்லிவைத்தாற்போல், முன்னால் வாகனங்கள் நின்றன. பிரேக்கை மிதித்தேன். பக்கக் கண்ணாடியில் ஒரு லொறி பெருத்துக்கொண்டே வந்தது. என் கழுத்து விறைத்தது. லொறியின் மூக்கு தாழ்ந்தது. அது மெல்ல மெல்ல வந்து, எங்களுக்கும் தனக்கும் இடையில் இரண்டு கார் நிற்குமளவு இடம் விட்டு நின்றது.

"நிண்டிட்டான்!" என்று கத்தினேன். "இஞ்சேருங்கோ, நிண்டிட்டான்! என்ர லைட்டைக் கண்டிட்டான்!"

இவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே ஆற்றைப் பார்த்தார். முன்னால் வரிசை நகர்ந்தது. நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.