அண்ணனோட டின்னுல தண்ணி நிக்கல

அண்ணே! ஏ அண்ணே! உன் செடி எல்லாம் மாடியிலேயே இருக்கு. ஒண்ண கூட தூக்கிப் போட விடல நான். முதல்ல அத உங்கிட்ட சொல்லிடறேன். மத்தத மத்தவங்களுக்குச் சொல்றேன்.

எங்க அண்ணனுக்கு, இங்க வங்காளத்துல, கிடர்பூர் கப்பல் டாக்ல கோணி தைக்கிற வேலை. கப்பல்ல இருந்து இறங்குற மூட்டை கிழிஞ்சிருந்தா, ஷெட்ல உக்காந்து பெரிய ஊசியும் சணலும் வச்சு தைச்சுக் குடுக்கணும். எந்தெந்த ஊரு மூட்டையோ வரும். பருப்பு, எள்ளு, பேரே தெரியாத தானியம். சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் பேண்டு மடிப்ப உதறுவான். விதை விழும். அம்மா தொடப்பத்த எடுக்குறதுக்குள்ள குனிஞ்சு பொறுக்கிடுவான்.

"ஊர்ல இருக்குற குப்பைய எல்லாம் என் வீட்டுல கொட்டுறியேடா!"

"குப்பை இல்லம்மா, பாசஞ்சரு. கப்பல்ல வந்து இறங்கியிருக்காங்க, மரியாதையா பேசு."

எங்க போர்ஷன் மேல் மாடி. அதுக்கு மேல மொட்டை மாடி, அங்க பூரா அவனோட டின்னுதான். எண்ணெய் டின்னு, பால் பவுடர் டின்னு, பெயிண்ட் டப்பா. ஒவ்வொண்ணுக்கும் அடியில ஆணி வச்சு அடிச்சு அஞ்சு ஓட்டை. ஓட்டை போடாம ஒரு பிடி மண்ணு போட மாட்டான். "தண்ணி நின்னா வேருக்கு மூச்சு முட்டும்"பான். இந்த ஓட்டைய ஞாபகம் வச்சுக்கோங்க, இதுக்குத்தான் நான் சண்டை போட்டேன்.

நான் ஆறாவதோட நின்னவ. அவன் எட்டாவது. செடி பத்தி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கல. அவன் பாத்துப் பாத்தே கண்டுபிடிச்சான். எருக்கங்காய் வெடிச்சா உள்ள விதைங்க மீன் செதில் மாதிரி அடுக்கி இருக்கும், ஒவ்வொண்ணு தலையிலயும் பட்டு முடி. "இவன் டிக்கெட் எடுக்காம காத்துல போறவன்"னு ஊதி விடுவான். நாயுருவி விதை கொக்கி போட்டு லுங்கில ஒட்டிக்கிட்டா, "இவன் லாரி பின்னால தொங்கிட்டுப் போறவன்." சப்பாத்திக்கள்ளி இலைய எல்லாம் முள்ளாக்கிட்டு தண்டுல தண்ணிய ஒளிச்சு வச்சிருக்கும். அதுக்கு அவன் வச்ச பேரு அம்மா. ஏன்னு கேட்டா, "வெளிய முள்ளு, உள்ள தண்ணி"ன்னான். அம்மா அன்னைக்கு அவனுக்கு ரெண்டாவது டீ குடுக்கல.

ரணகள்ளி இலை ஒண்ண ஜன்னல்ல சும்மா போட்டு வச்சான். வேரில்ல, மண்ணில்ல. பத்து நாள்ல இலை ஓரம் பூரா குட்டிக் குட்டி செடி முளைச்சிருக்கு. நான் வாயப் பொளந்து நின்னேன்.

அப்புறம் காசித்தும்பை. இங்க தோப்பாட்டிம்பாங்க. காய் முத்தினப்புறம் விரல் பட்டாலே போதும், டப்புனு வெடிச்சு விதைய மூஞ்சில அடிக்கும். "இது நீதான்டி. தொட்டவன் செத்தான்"பான். எனக்குக் கோவம் வரும். கோவம் வந்ததும், "பாரு, வெடிச்சிருச்சு"ன்னு சிரிப்பான்.

பேரு தெரியாத செடி ஒண்ணும் இருந்துச்சு. ஏதோ மூட்டையில வந்த விதை. நல்லா வளந்துது, பூக்கவே இல்ல. "பூக்கட்டும், யாருன்னு பாப்போம்"னு தினம் போய் பாப்பான்.

அத அவன் பாக்கல. அந்த மழைக்காலம் குளிர் காய்ச்சல் வந்துச்சு. மூணு போர்வை போத்தியும் கட்டில் ஆடுச்சு. மலேரியான்னாங்க, மூளைக்கு ஏறிடுச்சுன்னாங்க. அஞ்சாம் நாள் ஆஸ்பத்திரியில போயிட்டான். இருபத்தி மூணு வயசு. நாங்க வீட்டுக்கு வர்ற வழியில பூஜை பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கிட்டு இருந்தாங்க. அந்த மூங்கில எல்லாம் புடுங்கி எறியணும் போல இருந்துச்சு எனக்கு.

மறுநாள் குளிக்க தண்ணி மோந்தேன். எங்க பாத்ரூம் பக்கத்துல ஒரு நீல டிரம். குழாயில ரெண்டு வேளைதான் தண்ணி வரும், அதுல புடிச்சு வைப்போம். மேல ஒரு பலகை, உடைஞ்ச பலகை. ஞாயித்துக்கிழமை அத காலி பண்ணி தேய்க்கிறது என் வேலை. மூணு வாரமா நான் தேய்க்கல. கீழ் வீட்டுல டிவி பாக்கப் போயிட்டேன்.

சொம்புல குட்டிக் குட்டி புழு. தண்ணிக்கு மேலாப்புல மட்டமா படுத்துக் கெடந்துச்சு.

மைக் கட்டின ரிக்‌ஷா எங்க சந்துல வந்து கத்திட்டுப் போகும், மலேரியா கொசு சாக்கடையில இல்ல, நல்ல தண்ணியிலதான் முட்டை போடும், டிரம்ம மூடுங்க, வாரம் ஒரு தடவ தேய்ங்கன்னு. அந்தக் குரல்ல அண்ணன் பேசிக் காட்டுவான், நான் சிரிப்பேன். அன்னைக்கு டிரம்ம அப்படியே சாய்ச்சு ஊத்திட்டேன். தேய்ச்சேன். யார்கிட்டயும் சொல்லல.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாடியில சமையல் பண்ணணும்னு இடம் ஒதுக்கினாங்க. கீழ் வீட்டு வங்காளி அம்மா, நாங்க காக்கிமான்னு கூப்பிடுறவங்க, டின்ன எல்லாம் பாத்து அழுதாங்க. கெட்டவங்க இல்ல, அவன தூக்கி வளத்தவங்க. பெங்காலில சொன்னாங்க, "இந்த டப்பாங்கதான் புள்ளைய தின்னுச்சு. மழைத் தண்ணி தேங்கும், கொசு வரும்னு நான் எத்தனை தடவ சொன்னேன்!"

அம்மா முகம் மாறிடுச்சு. "ஒண்ணு விடாம கொண்டுபோய் குப்பையில கொட்டுங்க. செடி செடின்னே செத்தான்."

உண்மைய சொல்றேன், அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. டிரம்மு காலி. பழி செடி மேல போயாச்சு. நான் பேசாம இருந்தா முடிஞ்சுது.

அம்மா முதல்ல காசித்தும்பைய புடிச்சு இழுத்துச்சு. காய் எல்லாம் முத்தி இருந்துச்சு. டப் டப்புனு வெடிச்சு விதை அம்மா கையில, கழுத்துல அடிச்சுது. அம்மா துள்ளிப் போய் கைய விட்டுடுச்சு.

நான் ஓடிப்போய் குறுக்க நின்னேன். பக்கத்துல இருந்த காலி டின்ன கவுத்துக் காட்டினேன். "பாரும்மா, அஞ்சு ஓட்டை. எல்லா டின்னுலயும் இருக்கு. எங்க தண்ணி நின்னுச்சு? சொல்லு!"

"தள்ளுடி!"

"தள்ள மாட்டேன். புழு இருந்தது நம்ம டிரம்ல. நான் மூணு வாரமா தேய்க்கல. நான் பாத்தேன், பாத்துட்டு கொட்டிட்டேன்."

காக்கிமா என் தோள புடிச்சு மெதுவா கேட்டாங்க, "சொல்லாம இருந்தா யாருக்குடி தெரியப் போவுது?"

"செத்தவனும் வாயத் திறக்க மாட்டான், செடியும் திறக்காது. எனக்கு வாய் இருக்குல்ல? இன்னைக்கு செடி மேல போடுவீங்க, நாளைக்கு அவன் தானே தேடிக்கிட்டான்னு அவன் மேலயே போடுவீங்க. விட மாட்டேன்."

அம்மா அந்தக் காசித்தும்பைய திரும்பப் புடுங்கி, அதாலயே என்ன அடிச்சுது. வேரோட, மண்ணோட. நான் நகரல. அடிச்சு ஓஞ்சு அங்கயே உக்காந்துடுச்சு. சமையல் கீழ வாசல்ல நடந்துச்சு.

அந்தக் கொசு எங்க டிரம்ல பொறந்ததுதான்னு எனக்கும் நிச்சயமாத் தெரியாது. ஷெட்ல கடிச்சிருக்கலாம். ஆனா அவன் டின்னுல பொறக்கல. அது தெரியும்.

அம்மா எங்கிட்ட பேசல. குளிர்காலம் வந்துச்சு, பேசல. நான் மூணு நாளைக்கு ஒரு தடவ டிரம்ம தேய்ச்சேன், செடிக்கு தண்ணி ஊத்தினேன். அந்த வருஷக் கடைசியில பேரு தெரியாத செடி பூத்துச்சு. மஞ்சளா, சட்டை பட்டன் அளவு. இதுக்காடா இத்தனை நாள் காத்திருந்தன்னு திட்டினேன். அப்புறம் காய் வந்துச்சு, சுத்திலும் வளைஞ்ச முள்ளு. என் விரல்ல குத்திட்டு விடவே இல்ல. அப்பதான் புரிஞ்சுது, இப்படித்தான் கோணிய புடிச்சுக்கிட்டு கப்பல் ஏறி வந்திருக்கு. அவன் இருந்திருந்தா அதுக்கும் ஒரு கிண்டல் வச்சிருப்பான்.

ஒருநாள் அம்மா புடவைய துவைக்கும்போது ஓரத்துல கை குத்திச்சு. அந்த முள்ளுக்காய் நாலு. மாடியில அந்தச் செடிகிட்ட குந்தி உக்காந்தாதான் அது புடவை ஓரத்துல ஒட்டும். நான் வீட்டுல இல்லாத நேரத்துல அம்மா மேல போயிருக்கு.

நாலையும் பிச்சு ஒரு புது டின்னுல போட்டேன். ஓட்டை போட்டுட்டுத்தான்.

எல்லாரும் எங்க அண்ணனுக்காக ஒரு தடவ வேண்டிக்கோங்க. எந்த சாமிகிட்ட வேணும்னாலும் வேண்டிக்கோங்க. செடி வச்சு செத்தவன்னு மட்டும் சொல்லி வேண்டாதீங்க. செடி வளத்தவன்னு சொல்லி வேண்டிக்கோங்க.