வெள்ளை விட்ட கல்யாணப் பத்திரிகை

பர்மாவில், இன்சீன் வீட்டில் பத்திரிகைக் கட்டைப் பிரித்தபோது மணப்பெண் மா தேவி இருந்தாள். அவள் அப்பா ஊ மாணிக்கம், அம்மா டோ செல்லம்மா இருந்தார்கள். மா, ஊ, டோ எல்லாம் பெயருக்கு முன் வைக்கும் பர்மிய மரியாதை. அச்சடித்துக் கொண்டுபோன நானும் இருந்தேன். கியாக்தானில் இருக்கும் தேவியின் பெரியப்பா இல்லை. ஏதோ மனத்தாங்கல், தம்பி வீட்டு வாசலை அவர் மிதித்து நெடுநாளாகிறது. கல்யாணத்துக்காவது வருவாரா என்பதுதான் அந்த வீட்டின் கவலை. முறைப்படி அவர் பெயர்தான் பத்திரிகையில் முதலில் வரவேண்டும். தேவியின் சம்மதத்தோடு நான் அடித்ததிலோ நடுவில் ஒரு சிவப்பு வட்டம். ஓரத்தில் பொடி எழுத்தில் மணமக்கள் பெயர், நாள், மண்டபம். மற்றதெல்லாம் வெள்ளை.

"அண்ணன் பேரு எங்க தம்பி?" என்றார் ஊ மாணிக்கம்.

"இப்ப ஜப்பான்ல இப்படித்தாங்க. வெறும் இடமே பேசும்."

"ஜப்பான்லேருந்து யாரும் கல்யாணத்துக்கு வரலியே!"

"லாடே, அப்பா! எவ்ளோ அழகு!" என்றாள் தேவி.

இங்கே இளையவர்களுக்குத் தமிழ் புரியும், எழுத வராது. அதனால்தான் அறந்தாங்கியிலிருந்து என்னைப் பபேடான் அச்சகத்துக்கு வரவழைத்தார்கள். ஓய்வு கிடைத்தால் கைப்பேசியில் ஜப்பானியச் சுவரொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பெரிய தாளில் ஒற்றை அரிசிமணி, அடியில் ஒரு வரி. ஆற்றுப் பனிக்குள் படகு நுழைவதைப்போல அந்த வெண்மைக்குள் போய்விடுவேன். ஊரில் பத்திரிகை என்றால் மூச்சுவிட இடமிருக்காது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். சொந்தக்காரர் பத்திரிகை வந்தால் அப்பா என்னிடம் நீட்டி, "நம்ம பேரு வருதா பாரு" என்பார். ஒவ்வொரு பெயராக வாசிப்பேன். வந்ததேயில்லை. யார் பெயரும் இல்லாத தாளில் யாரும் விடுபட மாட்டார்கள் என்று நம்பித்தான் அப்படி அடித்தேன்.

ஊ மாணிக்கம் அந்தத் தாளோடு கியாக்தானுக்குப் பேருந்து ஏறினார். திரும்பியதும் அச்சகத்துக்கே வந்தார்.

"அண்ணன் என்ன சொன்னாங்க?"

"பேனா கேட்டாரு."

வெள்ளையைத் தடவிப் பார்த்த பெரியவர், "பரவால்லடா, எங்க பேர நாங்களே எழுதிக்க இடம் விட்டிருக்க!" என்றாராம். தன் பெயரைத் தமிழில் எழுதியிருந்தார். பேரப்பிள்ளைகள் பர்மிய எழுத்தில். பிறகு அத்தைமார், மாமாக்கள் என்று தாள் வீடுவீடாகச் சுற்றியது. என் வெண்மை போயே போய்விட்டது. சிவப்பு வட்டத்தின் மேல் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.

"இதையே அடிங்க அண்ணே" என்று நிறைந்த தாளைக் கொண்டுவந்து நீட்டினாள் தேவி.

அடித்தேன். இரண்டு பத்திரிகைகளும் என் அறைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. காலையில் ஒன்றில் கண் விழிக்கிறேன். மாலையில் மற்றதற்குத் திரும்பிவருகிறேன்.

பெரியப்பா முதல் ஆளாகக் கல்யாணத்துக்கு வந்தார். இரண்டு அச்சுக்கும் சேர்த்து அண்ணனும் தம்பியும் பாதிப்பாதியாகக் கட்டியது ஐந்து லட்சத்து இருபதாயிரம் கியாட்.