பதினெட்டாம் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்

கொள்முதல் நிலையத்தில் என் நெல் மூட்டைகளுக்கு முறை வரக் காத்திருந்தபோது, சுமை தூக்குகிறவர்களிடம் வழக்கம்போல அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கழுத்தளவு வெள்ளம், அடைபட்ட அறை, என் கையில் சோடியம் பாட்டில். சரியாக அந்த இடத்தில் போன் அடித்தது. பள்ளி அலுவலகத்திலிருந்து பேசினார்கள். "சந்தானம் சார் போயிட்டாருங்க." கதை அங்கேயே நின்றது. பாட்டில் இன்னும் என் கையில்தான் இருக்கிறது.

பாபநாசத்தை அடுத்த நம் பள்ளியில் படித்தவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். வேதியியல் ஆய்வக உதவியாளர். என்னையும் தெரியும், மணியடித்தவன். நான் அடிக்கும் மணி பூம்புகார் வரை கேட்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைத் தொடங்கியவனும் நான்தான். படிப்பு ஒன்பதாம் வகுப்பு. அதை இரண்டு முறை படித்ததால் பத்து என்று சொல்லிக்கொள்வேன்.

மற்ற இடங்களில் ரசாயனங்களை அகர வரிசையில் அடுக்குவார்கள். சந்தானம் தனிம வரிசை அட்டவணைப்படி அடுக்கினார். கிடங்கு அறையின் அலமாரியில் தொகுதிக்கு ஒரு தடுப்பு, அதில் எண் எழுதிய அட்டை. "ஒவ்வொரு தொகுதியும் ஒரு வீடுண்ணே. ஒரே வீட்டு ஆளுங்களுக்குக் குணம் ஒத்துப்போவும்" என்பார். முதல் வீட்டில் லித்தியம், சோடியம், பொட்டாசியம். தண்ணீரைக் கண்டால் ஆகாதவர்கள். இரண்டாம் வீட்டில் கால்சியம் வகையறா. கோபம் உண்டு, கொஞ்சம் நிதானம். "முதல் வீட்டுக்காரங்க ஒரு எலக்ட்ரானைத் தள்ளிவிட அலைவாங்க. பதினேழாம் வீட்டுக் குளோரின் ஒண்ணை வாங்க அலைவாரு. ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆச்சுன்னா பொறக்கிறதுதான் நம்ம வீட்டு உப்பு."

பதினெட்டாம் வீடு, ஜன்னலை ஒட்டிய கடப்பைக்கல் மேடை. ஹீலியம், நியான், ஆர்கான் எதுவும் நம் பள்ளியில் கிடையாது. காலி மேடையும் அட்டையும் மட்டும்தான். "ஆளே இல்லாத வீட்டுக்கு எதுக்குத் தம்பி இவ்வளவு பெரிய இடம்?" என்று கேலி செய்வேன். "இருக்கட்டும்ணே. அவங்க நெறைஞ்சவங்க. யார்கிட்டயும் எதையும் வாங்கவும் மாட்டாங்க, கொடுக்கவும் மாட்டாங்க."

மழைக்கு விடுமுறை விட்ட ஒரு நாள், வாய்க்கால் கரை உடைந்து பள்ளிக்குள் தண்ணீர் வந்தது. கீழ்த் தடுப்புப் பாட்டில்களை மேலே ஏற்ற நாங்கள் இருவரும் கிடங்குக்குள் போனோம். கதவுக்கு அடியில் தண்ணீர் நுழைந்தது. உடைப்பை அடைப்பதில் இந்த டெல்டாவில் எனக்கு நிகர் கிடையாது. யோசிப்பேனா? மூலையில் கிடந்த நான்கு மூட்டைகளை இழுத்து, உள்பக்கம் திறக்கும் கதவில் சாய்த்து அடுக்கி மிதித்தேன்.

ஸ்டூல் மேல் நின்ற சந்தானம் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, அது என்ன மூட்டை?"

"வெள்ளையடிக்க வாங்கின சுண்ணாம்பு. இன்னும் தண்ணி ஊத்தி நீத்தலே."

"போச்சு! ரெண்டாம் வீட்டுக்காரரைக் கொண்டுபோயித் தண்ணியில உக்கார வச்சிட்டீங்களே!"

சொல்லி முடிப்பதற்குள் மூட்டைகள் புகைந்தன. உறுமிக்கொண்டே வெடித்து, வெள்ளைக் குழம்பாகக் கொதித்தன. நெருங்க முடியவில்லை. கதவும் திறக்காது. தரையில் நின்ற தண்ணீர் காலைச் சுட்டது. பதினெட்டாம் மேடையில் ஏறி உட்கார்ந்தோம். ஜன்னலில் கம்பி. போனில் சிக்னல் இல்லை.

அப்போதுதான் முதல் வீட்டுக்கு மேலே கூரை ஒழுக ஆரம்பித்தது. சந்தானம் ஸ்டூல் மேல் கால் வைத்துத் தாண்டிப் போய்ச் சோடியம் பாட்டிலை எடுத்துவந்தார். மூடியில் விரிசல் விட்டிருந்தது.

"வீசிடுங்க தம்பி!"

"எங்கண்ணே வீச? கீழ பூராத் தண்ணி. உள்ள மண்ணெண்ணெய் இருக்குன்னு நம்பாதீங்க. தண்ணி சொட்டு விழுந்தா அடிக்குத்தான் இறங்கும். சோடியமும் அடியிலதான் கிடக்கு. பட்டா வெடிச்சிடும்."

மேடைக்கு மேலேயும் கூரை ஒழுகியது. சட்டையைக் கழற்றிப் பாட்டிலைச் சுற்றி, மடியில் வைத்து, அதன்மேல் கவிழ்ந்துகொண்டார். அவர் முதுகில் சொட்டியது. நான் கம்பியைப் பிடித்துக் கத்தினேன், ஆட்டினேன், குதித்தேன். "சும்மா உக்காருங்கண்ணே. பதினெட்டாம் வீட்டுக்கு வந்துட்டோம். அந்த வீட்டு வழக்கப்படி இருப்போம்" என்றார். மதியத்திலிருந்து ஐந்து மணி வரை அவர் நிமிரவில்லை.

தெருக்காரர்கள் வந்து கம்பியை அறுத்தபோது அவருக்குக் கை மரத்துவிட்டது. "மொதல்ல நீங்க எறங்குங்கண்ணே, இதைப் பிடிங்க" என்று பாட்டிலை என்னிடம் கொடுத்தார். நான் அதோடு வெளியே வந்தேன். ஊர் பார்த்தது அந்த அரை நிமிடத்தைத்தான். குடியரசு தினத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மறுக்கலாம் என்று வாய் திறந்தேன். அதற்குள் கை தட்டிவிட்டார்கள்.

அதன் பிறகு அந்தக் கதைக்குள் நான் அடைபட்டேன். வருடத்துக்கு வருடம் அதை அலங்கரிப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. சந்தானம் கூட்டத்தில் நின்று கேட்பார். தனியே வரும்போது, "தண்ணி வருஷா வருஷம் ஏறுதுண்ணே" என்று சிரிப்பார், அவ்வளவுதான். ஒருமுறை நானே கேட்டேன், "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" "ரெண்டு பேரும் வெளிய வந்துட்டோம்ல, விடுங்க."

துக்கத்துக்குப் போனேன். அவர் மனைவி என்னைக் கண்டதும் கைகூப்பி எழுந்தார். "அண்ணே, அன்னிக்கு நீங்க அந்தப் பாட்டிலைப் பிடிக்கலன்னா இவரு அன்னிக்கே போயிருப்பாரு." வீட்டில்கூட அவர் சொல்லவில்லை. மேடையில்லாத, ஜன்னலில்லாத அறை ஒன்றில் மறுபடி கதவைச் சாத்தியது போலிருந்தது. நானும் கைகூப்பிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

தான் ஓய்வு பெற்ற அன்று அவர் எனக்கு அந்தப் பதினெட்டாம் எண் அட்டையைக் கொடுத்தார். அதை வைத்துக்கொள்கிறேன். பாட்டிலை நம் பள்ளியின் இந்த நினைவு மலரில் எழுதித் திருப்பிக் கொடுக்கிறேன். தங்கச்சி, நீங்க படிக்கணும்: பிடித்தது அவர். கதவை அடைத்தது நான். தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தது.