இரு பள்ளிகளின் பின்வாசல்

இதனை எழுதி வைக்காமல் விட்டால் ஒரு பொய் எனக்குப் பெருமை சேர்த்துக்கொண்டே இருக்கும். என் தம்பி மகளின் பிள்ளைக்கு ஏற்ற உறைவிடப்பள்ளியை நானே கூர்ந்து ஆராய்ந்து தேர்ந்தெடுத்தேன் என்றொரு கதை ஆரா, சோலோதுர்ன் நகரங்களில் வாழும் எம்மவரிடையே உலவுகிறது. அதை நம்பிச் சிலர் தொலைபேசியில் அறிவுரை கேட்கின்றனர். ஒருவர் தம் மகனின் பள்ளி அறிக்கைகளைக் கோப்பில் அடுக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். நடந்தது வேறு. அதை அறிந்தவர் மூவர். அவர்களுள் நானே மூத்தவன், ஆகவே எழுதுகிறேன்.

தம்பி காலமான பின் அவன் மகளுக்குப் பெரியப்பன் என்ற முறையில் தந்தையின் இடத்தில் நிற்பவன் நான். அவள் சோலோதுர்னில் மருத்துவர். அவள் கணவர் பாலம் கட்டும் பொறியாளர். அவரது நிறுவனம் அவரை மூன்று ஆண்டுகளுக்கு ஒரு பாலைநிலத்திற்கு அனுப்பியது. அங்கே பிள்ளை படிக்கப் பள்ளி இல்லை. இலையுதிர் காலத்தில் இவளும் அவரிடம் செல்வதென்று முடிவாகியிருந்தது. பதின்மூன்று வயது மகளை இங்கேயே ஓர் உறைவிடப்பள்ளியில் விட நிறுவனம் ஒழுங்கு செய்தது. இடம் இருந்தவை இரண்டே பள்ளிகள். ஒன்று மேற்கே, பிரெஞ்சு பேசும் ஏரிக்கரையில். மற்றது கூர் நகருக்கு மேலே, மலையில்.

இரண்டுமே நாடாள்வோரும் பெருவணிகரும் தம் மக்களை அனுப்பும் பள்ளிகள். ஏதிலிகளாக வந்து பாத்திரம் கழுவிய எம் குடும்பத்திற்கு அக்கதவுகள் ஏன் இவ்வளவு எளிதாகத் திறக்கின்றன என்பதே என் முதல் ஐயம்.

"பெரியப்பா, நீங்களும் வாங்கோ," என்றாள் தம்பி மகள். "ஆக்கள் சிரிச்சுக் கதைச்சால் நான் நம்பிப்போடுவன். நீங்கள் ஒருத்தரையும் நம்பமாட்டியள்."

"அம்மப்பா ரெயின்ர நேரத்தையே நம்பமாட்டார்," என்றாள் பிள்ளை, கைப்பேசியிலிருந்து தலை நிமிராமல். "அரை மணித்தியாலம் முந்திப் போய் நிப்பார்."

இரண்டையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இருபத்தாறு ஆண்டுகள் ஒரு தங்குவிடுதியின் சமையலறையில், எம்மவர் சொல்வழக்கில் குசினியில், வேலை செய்தவன் நான். சுகாதார அதிகாரி வரும் நாளில் ஒரு சமையலறை எப்படித் தன்னை மாற்றிக்கொள்ளும் என்பதை அறிவேன். முன்வாசலில் காட்டப்படுவது எதுவும் சான்றாகாது. இந்நாட்டில் எந்தப் பெரிய விடுதிக்கோ மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ சென்றாலும், அதன் பின்புறத்தில் பாத்திரம் கழுவும் பொறிக்கு அருகே நம்மவர் ஒருவர் நிற்பார். அவரிடம் கேட்டால் உள்ளது தெரிந்துவிடும். எம்மவர் பலரும் வேலை தேடும்போதும் வீடு தேடும்போதும் கையாளும் வழி இது. பள்ளி தேடவும் அதுவே போதும் என்று நான் எண்ணினேன்.

ஏரிக்கரைப் பள்ளியில் எங்களை வரவேற்ற அம்மையார் எம் குடும்பப் பெயரைப் பிழையின்றி உச்சரித்தார். முப்பது ஆண்டுகளில் எந்த அலுவலகத்திலும் நான் காணாத அருஞ்செயல் அது. பயிற்சி செய்திருக்க வேண்டும். வழிகாட்டிய மாணவி, எதைக் கேட்டாலும் கையேட்டில் அச்சாகியிருந்த சொற்களையே விடையாகத் தந்தாள். மாணவியர் வாழும் அறை என்று ஒன்றைக் காட்டினார்கள். படுக்கை விரிப்பில் மடிப்புக் கோடுகள் அப்படியே இருந்தன. கண்ணாடிக் குவளையில் நின்ற பல்தூரிகையை எவரும் காணாதபடி தொட்டுப் பார்த்தேன். காலை பத்து மணிக்கு அது முற்றாக உலர்ந்திருந்தது. நண்பகல் உணவில் சோறும் கறியும் வைத்தார்கள். "எங்களுக்காகவோ, எல்லா நாளுமோ?" என்று கேட்கும்படி தம்பி மகளிடம் சொன்னேன். அவள் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

உணவுக்குப் பின் கழிப்பறை தேடுவதாகச் சொல்லிப் பின்புறம் சென்றேன். எதிர்பார்த்தபடியே வெள்ளை மேலங்கியோடு நம்மவர் ஒருவர் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றார். ஐம்பது வயதிருக்கும். நான் கேட்ட முதற்கேள்வி, எம்மவர் எவரும் கேட்கும் கேள்வியே: எந்த ஊர்? அவர் சொன்னார். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். இடையில் ஒரு வயல்வெளி மட்டுமே. என் தம்பியோடு பந்தடித்தவர் அவருடைய தமையன்.

"அண்ணை, நீங்கள் அந்த வீட்டு ஆளோ? சொல்லியிருந்தால் நல்ல துண்டாப் பாத்து வைச்சிருப்பனே."

"அதை விடும். பள்ளிக்கூடம் எப்பிடி?"

"அருமையான பள்ளிக்கூடம். கண்ணை மூடிக்கொண்டு விடுங்கோ. பிள்ளையளைத் தங்கம்மாதிரிப் பாக்கினம்."

தம் தொலைபேசி எண்ணைத் தந்தார். கையைப் பற்றிக்கொண்டு விடைபெற்றார். உலர்ந்த பல்தூரிகையும் ஒப்புவித்த விடைகளும் என் மனத்திலிருந்து அக்கணமே அகன்றன. அடுத்த ஊரவர் ஒருவரின் சொல்லுக்கு முன் என் கண்கள் கண்டவை நிற்கவில்லை.

மலைப்பள்ளிக்கு அடுத்த கிழமை சென்றோம். வாயிலில் எவரும் காத்திருக்கவில்லை. நடைவழியில் ஈரச் சப்பாத்துகளின் மணம். மாணவியர் பார்த்தும் பாராமலும் கடந்து சென்றனர். பிள்ளைகள் தனிமையால் வாடினால் என்ன செய்வீர்கள் என்று தம்பி மகள் கேட்டபோது, தலைமையாசிரியர் சற்றுச் சிந்தித்து, எல்லா நேரமும் தங்களுக்குத் தெரியவருவதில்லை என்றார். இவ்வளவு வெளிப்படையாக ஒருவர் பேசினால் அதற்குப் பின்னே இதைவிடப் பெரியதொன்று மறைந்திருக்கும் என்று நான் கணித்தேன்.

அங்கும் பின்வாசல் வழியே சென்றேன். காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த பெண்மணி தமிழர். கழுத்தில் சிறு சிலுவை.

"தங்கச்சி எந்த ஊர்?" என்றேன்.

"மன்னார்ப் பக்கம்."

"மன்னாரிலை எவடம்?"

அவர் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அதை அறிஞ்சு என்ன செய்யப்போறீங்கள் ஐயா? உங்கட பிள்ளையை எங்கட ஊரிலையோ விடப்போறீங்கள்?"

பள்ளியைப் பற்றிக் கேட்டேன்.

"வந்த புதுசிலை கன பிள்ளையள் அழுவினம். சிலதுகள் சாப்பிடாதுகள். நான் போய் மேலை சொல்லுவன். சொன்னால் கேப்பினம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நல்லதெண்டும் சொல்லமாட்டன், கூடாதெண்டும் சொல்லமாட்டன். உங்கட பிள்ளையை எனக்குத் தெரியாதே."

மீண்டும் கத்தியை எடுத்துக்கொண்டார். நான் நின்ற இடத்திலேயே முடிவு கட்டினேன்: இவர் எதையோ மறைக்கிறார். தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை இங்கே வந்து, தாம் காய் நறுக்குவதைக் காண்பது இவருக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவையும் நானே கட்டியெழுப்பினேன்; அவர் சொன்னது ஒரு சொல்லும் இல்லை.

திரும்பும் தொடருந்தில் தீர்ப்பு வழங்கினேன். ஏரிக்கரைப் பள்ளி நம்பத்தக்கது. மலைப்பள்ளியில் ஏதோ உண்டு. தம்பி மகள் தலையசைத்தாள். பிள்ளை சாளரத்தின் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் இருவரில் எவருக்கும் அவளைக் கேட்கத் தோன்றவில்லை. திங்கட்கிழமைக்குள் ஒப்பமிட்ட படிவம் ஏரிக்கரைக்குப் போக வேண்டும். போய்விட்டால் மூன்று ஆண்டுகளுக்கு அதுவே அவள் வீடு.

வெள்ளியன்று பிற்பகல், பிள்ளையைக் கவனித்துக்கொள்ளும்படி கேட்பதற்காக அடுத்த ஊரவரை அழைத்தேன். பின்னணியில் வண்டிகளின் இரைச்சல்.

"அண்ணை, நான் அங்கை வேலை செய்யிறேல்லையே. கொம்பனி ஒண்டு எங்களை நாள்கணக்கிலை அனுப்புறது. அண்டைக்கு ஒருத்தர் சுகமில்லையெண்டு ஒரு நாள் போனனான்."

"பிறகேன் தங்கம்மாதிரிப் பாக்கினம் எண்டு சொன்னனீர்?"

"ஊராள் ஆசையாக் கேக்கிறியள். கூடாதெண்டோ சொல்லுறது?"

அவர் மீது எனக்குச் சினம் வரவில்லை. அவர் எனக்கு மரியாதை செய்தார். அதைச் சான்று என்று எடுத்துக்கொண்டவன் நான்.

அன்றே தம்பி மகளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சனிக்கிழமையும் சொல்லவில்லை. அப்பள்ளி உண்மையிலேயே நல்லதாக இருக்கலாம் அல்லவா என்று எனக்கு நானே வழக்காடிக்கொண்டிருந்தேன். எவரையும் நம்பாதவன் என்ற பெயர் ஒரு பிள்ளையின் மூன்று ஆண்டுகளைவிட எனக்குப் பெரிதாயிருந்தது என்பதை, வேறு சொல் தேடாமல் இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஞாயிறு காலை சோலோதுர்னுக்குப் போனேன். சமையலறை மேசையில் படிவம் ஒப்பமிட்டு உறையிலிடப்பட்டிருந்தது.

அடுத்த ஊரவர் சொன்னதைத் தம்பி மகளிடம் சொன்னேன். அவள் கேட்டாள்: "ஊரைக் கேட்டோ பெரியப்பா பள்ளிக்கூடம் பாத்தனீங்கள்?"

உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அந்த மன்னார் மனிசி என்ன சொன்னவ? நீங்கள் நினைச்சதை விடுங்கோ. அவ சொன்னதை மட்டும் சொல்லுங்கோ."

சொன்னேன். சொல்லும்போதுதான், நான் கேட்ட இருவரில் தமக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னவர் அவர் ஒருவரே என்பது எனக்கே புலப்பட்டது.

கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை உள்ளே வந்தாள். "நான் மலைக்குப் போறன்," என்றாள்.

"ஏன்?" என்றாள் தாய்.

"ஏரிக்கரையிலை எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டே நிண்டவை. எனக்குப் பயமாயிருந்தது. மலையிலை ஒரு பிள்ளை, தள்ளி நில், வழியை மறைக்காதை எண்டது. அது பரவாயில்லை."

"இதை முந்தியே சொல்லியிருக்கலாமே."

"ஒருத்தரும் கேக்கேல்லையே. அம்மப்பா குசினியளைக் கேட்டுக்கொண்டு திரிஞ்சவர்."

தாய் உறையைக் கிழித்தாள். மறுநாள் வேறு படிவம் வேறு முகவரிக்குப் போயிற்று. தேர்ந்தெடுத்தவள் பிள்ளை, நான் தேர்ந்தது பிழை. உலவும் கதையில் இப்பகுதி இல்லை.

அவள் அங்கே போய் ஓராண்டாகிறது. ஞாயிறுதோறும் அழைக்கிறாள். எப்படி இருக்கிறாய் என்றால், "நல்லம்" என்கிறாள். அச்சொல் சில கிழமைகளில் விரைந்து வருகிறது, சில கிழமைகளில் சற்றுத் தாமதித்து வருகிறது. தாமதித்து வரும் நாள்களில் எனக்கு உறக்கம் வருவதில்லை. எனினும் பின்வாசலில் போய் விசாரிக்கும் எண்ணம் இல்லை. அவளிடமே மறுபடியும் கேட்கிறேன். சில வேளை சொல்கிறாள்.

ஏரிக்கரைப் பள்ளியைப் பற்றி நான் எழுதியிருப்பது நான்கு மணி நேரத்தில், ஐயம் நிறைந்த கண்ணால் கண்டது. அது மிக நல்ல பள்ளியாகவும் இருக்கலாம். இவ்விரு பள்ளிகளையும் உள்ளிருந்து அறிந்தவர்கள் இக்குறிப்பில் பிழை கண்டால் தயங்காது எழுதித் திருத்துமாறு வேண்டுகிறேன். சமையலறையில் நின்ற அவ்விருவருள் எவரேனும் படிக்க நேர்ந்து, தாம் சொன்னதை நான் திரித்திருப்பதாகக் கருதினால், அவர்களின் திருத்தத்தையே முதலாவதாக ஏற்பேன்.