மாமனாரிடம் கேட்கக் கூசிய கேள்வி

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் என் மாமனாருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. மறுநாள் அவர் கண்டபடி உளறிக்கொண்டு வயிற்றில் போட்டிருந்த கட்டைப் பிய்த்தார்.

"அப்பாவுக்குப் பைத்தியம் புடிச்சிக்கிச்சு! ஜல்தியா வண்டியக் கட்டச் சொல்லு, மந்திரிக்கக் கூட்டிக்கினு போலாம்" என்றார் என் நாத்தனார். வண்டி குலுக்கலில் தையல் பிரிந்து உயிர் போய்விடுமோ என்று எனக்கு நடுக்கம்.

நர்ஸம்மா வந்து மாமனாரின் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"காத்தாலேந்து ஒண்ணுக்குப் போனாராம்மா?"

"மாமனார்கிட்ட அத எப்படிங்க கேக்கறது?"

"நல்லா இருக்குதும்மா உன் மரியாத! அது அடைச்சிக்கினுதான் இப்படிப் பேசறாரு."

டாக்டரை அழைத்துக் குழாய் போட்டு நீரை இறக்கினார்கள். சற்று நேரத்தில் மாமனார் தெளிந்து, "எல்லாரும் ஏன் என்னையே பாக்கறீங்க?" என்றார்.

இப்போது ஆஸ்பத்திரியில் யாருக்குத் துணையிருந்தாலும் அதை முதலில் விசாரித்துவிடுகிறேன். கூச்சம் மட்டும் இன்னும் போகவில்லை.

— ஒரு வாசகி, விழுப்புரம்